காப்பி அடிச்சுக் கத்துக்கிட்ட ராத்திரி

ரெக்கார்ட் நோட்டை காப்பி அடிக்காதவங்க நம்ம காலேஜ்ல யாராவது இருக்கீங்களா? நாலு வருஷமா நானும் அடிச்சிருக்கேன், ஒரு வரி கூட மனசுல நிக்கல. ஆனா இந்த செமஸ்டர்ல ஒரு ஓவியத்தை காப்பி அடிச்சேன். ஆயில் பெயின்ட்டிங்கோட அடிப்படையே அதுலதான் புரிஞ்சுது.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1819-20இல் வரைந்த படம் அது. ரொமான்டிக் காலத்தைச் சேர்ந்தது. இப்போது டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. மலைப்பாதையில் இரண்டு பேர் நமக்கு முதுகு காட்டி நின்று பிறை நிலாவைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் வேரோடு சாய்ந்த ஒரு ஓக் மரம். முகம் வரைய வேண்டாம், கலரும் குறைவு, சைஸும் ஏ3 பேப்பரைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சுலபம்னு நினைச்சேன்!

முதல் முயற்சி சொதப்பல். ராத்திரிதானேன்னு வானம் முழுக்க கறுப்பு அடிச்சு, நடுவுல சுத்த வெள்ளையில நிலா வெச்சேன். ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் ஒரிஜினலை ஒழுங்காப் பார்த்தேன். அதில் நிலாவைச் சுற்றி வானம் இளஞ்சூடான மஞ்சள் கலந்து வெளிச்சமாக இருக்கிறது. ஓரத்துக்குப் போகப் போக மெதுவாக இருட்டுகிறது. நிலா ஒளிர்வதற்குக் காரணம் அந்த வானம்தான்.

இரண்டாவது தடவை செய்தது இது:

1. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என மூன்றாகப் பிரித்தேன். பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாக அடித்தேன். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும்.

2. கறுப்பு டியூபை மூடி வெச்சேன். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்தாலே ஆழமான இருட்டு கிடைக்கும்.

3. அடி லேயரில் எண்ணெய் குறைவு, மேல் லேயரில் அதிகம். லின்சீட் ஆயில் தண்ணி மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அடியில் எண்ணெய் அதிகமானால் மேல் லேயர் பின்னாடி வெடிக்கும்.

4. கலர் கலப்பதைப் பகலுக்கு மாற்றினேன். மஞ்சள் பல்பில் கலந்தது காலையில் நீலமாகத் தெரிந்தது. போன்ல பார்த்து வரைஞ்சா நைட் மோடையும் ஆஃப் பண்ணிடுங்க.

முக்கியமா ஒண்ணு: ஜன்னலைத் திறந்து வையுங்க. எண்ணெய் துணியைச் சுருட்டிப் போடாதீங்க, அது தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணியில நனைச்சு வையுங்க.

இதெல்லாம் சரியா வந்தும் அந்த ரெண்டு பேர் மட்டும் வரல. "இது பாறையாடா?"ன்னு ரூம்மேட் கேட்டான். இடப்பக்கம் இருப்பவர் மற்றவரின் தோளில் கை வைத்துச் சாய்ந்திருப்பதை நான் கவனிக்கவே இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரூம்மேட்ஸ் ரெண்டு பேரை மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போய் அதே மாதிரி நிக்க வெச்சேன். சாயும்போது ஒருத்தன் இடுப்பு வளையுது, இன்னொருத்தன் தோள் லேசா இறங்குது. அந்த ரெண்டு கோட்டைத் திருத்தினதும் பாறை மனுஷனாயிடுச்சு.

படம் இன்னும் முழுசாக் காயல. மூணு மாசத்துல ரூமைக் காலி பண்ணணும். அதுக்குள்ள படம் யாருக்குன்னு மூணு பேருக்கும் சண்டை நடந்துக்கிட்டிருக்கு.