வீட்டுக் காவலுக்கு எந்த ஆயுதம்?

வீட்டையும் உயிரையும் காத்துக்கொள்ள எந்த ஆயுதம் ஏற்றது என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் ஆயுதத்தின் வலிமையிலிருந்தே தொடங்குகின்றனர். துப்பாக்கிப் பயிற்சியிலும் உரிம நடைமுறையிலும் நெடுநாள் பழகியவர்களின் அனுபவமோ, வலிமை கடைசியாக எடைபோட வேண்டிய ஒன்று என்பதையே மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. தாக்க வருபவருக்கும் தாக்கப்படுபவருக்கும் இடையே வீட்டுக்குள் எவ்வளவு இடைவெளி கிடைக்கும், ஆபத்து நேரும் வேளையில் வீட்டில் தனித்திருக்கக்கூடியவர் எவர், நடந்து முடிந்த செயலுக்கு மறுநாள் சட்டம் என்ன பெயர் வைக்கும் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே, எந்த ஆயுதம் என்ற கேள்விக்குப் பொருள் உண்டாகிறது.

இடைவெளி என்பது எத்துணைக் கடுமையான வரம்பு என்பதை அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் உள்ள பயிற்சியாளர்களுக்கு உணர்த்தியது. கத்தியேந்திய ஒருவர் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்துவிடுகிறார் என்றும், இடுப்புறையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவிச் சுடுவதற்குப் பயிற்சி பெற்ற காவலருக்கே கிட்டத்தட்ட அதே நேரம் தேவைப்படுகிறது என்றும் அவர் அளந்து காட்டினார். நகரத்து அடுக்குமாடி வீடுகளில் கூடத்தின் நீளம் 21 அடியைத் தொடுவதே அரிது. ஆகவே, வாசற்கதவைத் தாண்டி ஒருவர் உள்ளே வந்துவிட்டபின், பீரோவில் பூட்டிவைத்த துப்பாக்கி அந்த வீட்டில் இல்லாததற்குச் சமம்தான்.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் ஆள்கின்றன. உரிமம் கோருபவர் 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரும் மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகின்றனர். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பை 2019ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டாகக் குறைத்தது; மூன்றாண்டாக இருந்த உரிமக் காலத்தை ஐந்தாண்டாக உயர்த்தியதும் அதே திருத்தம்தான். படைத்துறையும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல், .303 ரைஃபிள் போன்றவை தடைசெய்யப்பட்ட வகையில் அடங்குவதால், பொதுமக்களின் தெரிவு நடைமுறையில் 12 போர் துப்பாக்கி, .315 ரைஃபிள், .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், .22 வகை ஆகியவற்றுக்குள் சுருங்கிவிடுகிறது.

இவற்றுள் முதலில் கருதத்தக்கது 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்றின் விட்டம் எவ்வளவோ, அவ்வளவு அகலமுள்ள குழலைக் கொண்டிருப்பதால் அதற்கு அந்தப் பெயர். ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் என இரு வடிவங்களிலும் கிடைக்கும் இது ஒரே தோட்டாவிலிருந்து பல குண்டுகளைச் சிதறச் செய்வதால், குறிபார்க்காமலே சுட்டாலும் பட்டுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறானது. குண்டுகள் விரிய தூரம் வேண்டும். ஓர் அறையின் நீளமான நாலைந்து மீட்டருக்குள் அவை உள்ளங்கையகலத்தைத் தாண்டிப் பரவுவதில்லை என்பதால், ரைஃபிளைப் போலவே இதற்கும் குறி தவறினால் எல்லாம் தவறும். ஏறத்தாழ நான்கடி நீளமுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் ஏற்றியபடி மூன்றடி அகலமுள்ள நிலைவாசலில் திரும்ப முயல்பவருடைய குழல்முனை அவருக்கு முன்பாகவே அடுத்த அறைக்குள் நீண்டுவிடும். அங்கே மறைந்திருப்பவர் குழலைப் பற்றி மேலே தள்ளிவிட்டால் துப்பாக்கி வெறும் இழுபறிப் பொருளாகிவிடும்.

பாட்டனார் காலத்துத் துப்பாக்கி பரம்பரையாகக் கைமாறி வந்திருக்கும் வீடுகளில் இன்னொரு செய்தியையும் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறை 65 மி.மீ. நீளத்துக்கே வெட்டப்பட்டிருக்க, இன்று பரவலாக விற்கும் தோட்டாக்களோ 70 மி.மீ. நீளம் கொண்டவை. நீளம் என்று குறிக்கப்படுவது வெடித்து வாய் விரிந்த பின்னர் உள்ள அளவு ஆகையால், சுடாத தோட்டா பழைய அறைக்குள் ஒழுங்காகப் புகுந்துவிடும். சுட்டதும் மடிப்பு விரிய இடமின்றிக் குழலுக்குள் அழுத்தம் எகிறி, சுடுபவரின் முகத்தருகே குழல் வெடிக்கும் அபாயமும் உண்டு. குழலின் அடிப்புறத்தில் பொறித்திருக்கும் அறை அளவை உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளாமல், மரபுத் துப்பாக்கியில் எந்தத் தோட்டாவையும் ஏற்றக் கூடாது.

.315 ரைஃபிளை வீட்டுக் காவலுக்கென்று பரிந்துரைப்பவர்களும் இருக்கின்றனர். நூற்றுக்கணக்கான மீட்டர் செல்வதற்கென்று செய்யப்பட்ட அதன் குண்டு, குறி தவறினால் கதவையும் மெல்லிய சுவரையும் ஊடுருவி அடுத்த வீட்டை எட்டும் என்ற ஒன்றே அதை விலக்கப் போதுமானது.

கைத்துப்பாக்கிகளில் ரிவால்வர் என்பது ஆறு தோட்டாக்களைச் சுழலும் உருளையில் கொண்டிருப்பது; பிஸ்டல் என்பது கைப்பிடிக்குள் செருகும் பெட்டியிலிருந்து தோட்டாக்களைத் தானே மேலேற்றிக்கொள்வது. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் ரிவால்வரில் மறுபடி விசையை அழுத்தினாலே அடுத்த தோட்டா முன்வந்துவிடும். பிஸ்டலிலோ மேல்மூடியைப் பின்னிழுத்து வெடிக்காத தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். வயது முதிர்ந்தோரும் விரல்மூட்டு வலி உள்ளோரும் அந்த மூடியை இழுக்கவே திணறுவர் என்பதால், எப்போதாவது மட்டும் கையிலெடுக்கக்கூடியவர்களுக்கு ரிவால்வரே ஏற்றதென்பது பயிற்சியாளர்களிடையே நிலைபெற்ற கருத்து. கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலை 2014இல் வெளியிட்ட 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வர் அரைக்கிலோ எடையோடு பெண்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டதாக விளம்பரம் பெற்றது. அப்போது அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. எடை குறைந்தால் சுடும்போது கையை உதைக்கும் வேகம் கூடும் என்பதையும், .32 ஆற்றல் குறைந்த தோட்டா என்பதால் பட்டவர் உடனே விழுந்துவிடுவார் என்று நம்பியிருக்க முடியாது என்பதையும் வாங்குபவர் அறிந்திருப்பது நலம். ரிவால்வரின் .32 தோட்டாவும் பிஸ்டலின் .32 தோட்டாவும் வேறுவேறு என்பது கடைக்குச் சென்றபின் தெரியவருவதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

எந்தத் துப்பாக்கியானாலும் அதை எங்கே வைப்பது என்ற சிக்கல் வந்து நிற்கிறது. உண்மையில் இந்தப் பொருளின் உயிர்நிலையே இதுதான். தலையணைக்கடியில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி குழந்தையின் கைக்கு எட்டும். மனமுடைந்த ஒருவரின் கைக்கும் எட்டும். தோட்டாவைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டி வைத்தால், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு இரண்டு பூட்டுகளைத் திறந்து ஒன்றுசேர்க்க ஆகும் நேரத்தில் வந்தவர் வந்த காரியத்தை முடித்துவிடுவார். இந்த முரணுக்கு முழுமையான தீர்வு கிடையாது. விரைவில் திறக்கும் எண்பூட்டுப் பெட்டி ஓரளவு உதவும். ஆனால் சிறுவர்கள் உள்ள வீட்டிலும், மனச்சோர்வுக்கு மருத்துவம் பெறுபவர் உள்ள வீட்டிலும் துப்பாக்கியே வேண்டாம் என்பதுதான் நேர்மையான அறிவுரை. கள்வர் வருவது ஒரு நாள் நேரலாம், நேராமலும் போகலாம். துப்பாக்கியோ எல்லா நாளும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கும்.

இருட்டில் எதிரே நிற்பவர் எவர் என்று தெரியாமல் சுடுவதால் வரும் கேட்டுக்கு, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 2013 பிப்ரவரி 14ஆம் நாள் அதிகாலையில் நடந்ததைக் காட்டிலும் தெளிவான சான்று தேவையில்லை. ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் கழிவறையின் மூடிய கதவினூடே நான்கு முறை சுட்டதில் உள்ளே இருந்த அவருடைய தோழி ரீவா ஸ்டீன்காம்ப் உயிரிழந்தார். யாரோ வெளியாள் புகுந்துவிட்டதாக எண்ணியே சுட்டதாக அவர் வாதிட்டார். கதவுக்குப் பின்னால் இருப்பவர் எவராயினும் சாகக்கூடும் என்று அறிந்தே சுட்டிருக்கிறார் என்று கூறி, அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. துப்பாக்கிக்கு முன்னதாக ஒரு நல்ல டார்ச் விளக்கை வாங்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

இந்தியச் சட்டம் தற்காப்பு உரிமையை மறுப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதை வரையறுக்கின்றன. கொள்ளை, சூரியன் மறைந்து மீண்டும் உதிக்கும் வரையான வேளையில் வீடு உடைத்தல், தீவைத்தல் போன்றவற்றில் எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் அவ்வுரிமை நீளக்கூடும். தாக்கப்பட்ட குடிமகன் கோழையைப் போல் ஓடியே தீர வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பதை தர்ஷன் சிங் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனினும் காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையானதைவிட மிகுந்த தீங்கு விளைவித்தாலும் உரிமை இல்லை. திரும்பி ஓடும் திருடரின் முதுகில் பாயும் குண்டும், கீழே விழுந்தவர்மீது இறங்கும் அரிவாளும் இந்த வரம்பைக் கடந்தவை.

அரிவாளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. தென் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு இருக்கும் அந்த வேளாண் கருவி கையருகே கிடைப்பது உண்மையே. ஆயினும் அது எட்டும் தூரம் மிகக் குறைவு. அதைக் கொண்டு போரிட நினைப்பவர் எதிரியின் கைக்கெட்டும் தூரத்துக்குள் தாமே செல்ல வேண்டும். வலுக்குறைந்தவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவது எளிது. வெட்டின் அளவைக் கட்டுப்படுத்துவதும் இயலாது. ஆகவே வீட்டுக் காவலுக்கு அரிவாளை நாடுவது எல்லா வகையிலும் தவறான தெரிவு.

அதற்கு நேர்மாறானது கம்பு. ஆயுதச் சட்டம் ஆயுதம் என்பதற்கு இலக்கணம் வகுக்கும் இடத்திலேயே லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. எனவே உரிமம், கட்டணம், புதுப்பித்தல் எதுவும் அதற்கு வேண்டியதில்லை. சிலம்பத்தில் நெற்றி உயரத்துக்கு அளந்து எடுக்கும் நெடுங்கம்பு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் சிறக்கும். விட்டத்திலும் மின்விசிறியிலும் முட்டக்கூடிய உள்ளறைக்கு மூன்றடிக் கம்பே பொருந்தும். அறைக்குள் வீசி அடிப்பதைவிட இரு கைகளாலும் பிடித்து நுனியால் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தித் தள்ளுவதே பயன் தரும். அது வந்தவரை எட்டவே நிறுத்துகிறது. உயிரை எடுக்காமலேயே கதவை நோக்கிப் பின்வாங்க வழிவிடுகிறது.

மிளகுத் தெளிப்பான் என்று தமிழில் வழங்கினாலும் பெப்பர் ஸ்பிரேயில் இருப்பது மிளகாயின் காரச்சத்தாகிய கேப்சைசின். கண்ணிமைகளை வீங்கச் செய்து தாமாகவே மூடவைப்பதால், வலியைப் பொருட்படுத்தாத போதையாளரிடமும் அது ஓரளவு வேலை செய்கிறது. பனிப்புகை போல் விரியும் வகை காற்றில் தெளித்தவர் முகத்துக்கே திரும்புவதோடு, மூடிய அறையில் வீட்டாரையும் சேர்த்து இருமவைக்கும். நேர்கோட்டில் பீய்ச்சும் வகையே வீட்டுக்கு ஏற்றது. குப்பியின்மேல் அச்சிட்ட காலாவதித் தேதிக்குப்பின் உள்ளழுத்தம் குறைந்து, பீய்ச்ச வேண்டியது சொட்டிக்கொண்டு நிற்கும். கைப்பையின் அடியில் கிடக்கும் குப்பியைத் தேடியெடுக்கும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதியவருக்கும் பெண்களுக்கும் விலை, சட்டம், எளிமை ஆகிய மூன்றிலும் இதற்கு நிகரானது வேறில்லை என்றே கொள்ளலாம்.

கருவியின் இடத்தைச் சரியாகக் காட்டியது 2019 ஆகஸ்டில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கடையம் அருகே நடந்த நிகழ்ச்சி. இரவில் வீட்டு முன்புறம் நாற்காலியில் அமர்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துணியால் ஒருவர் இறுக்க, சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி கைக்குக் கிடைத்த செருப்பை எடுத்து எறிந்தார். பிடி தளர்ந்ததும் கணவரும் எழுந்துகொள்ள, அரிவாளோடு வந்த முகமூடிக்காரர் இருவரையும் தம்பதியர் பிளாஸ்டிக் நாற்காலிகளாலேயே விரட்டினர். கண்காணிப்புக் காட்சியில் அது நாடெங்கும் பரவியது. தமிழக அரசு அந்தச் சுதந்திர நாளில் அவர்களுக்கு வீர விருது வழங்கியது. நாற்காலியின் நான்கு கால்கள் அரிவாளைவிட அதிக தூரம் எட்டின. இருவர் இரு திசைகளிலிருந்து எதிர்த்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, இருவரும் ஒரு நொடியும் தயங்கவில்லை. இப்படிப்பட்ட எதிர்ப்பை எல்லாரும் எல்லா வேளையிலும் செய்ய வேண்டும் என்பதன்று. நகையை விட்டுக்கொடுத்து உயிரைக் காப்பதும் தற்காப்பே.

துப்பாக்கிக்கு உண்மையாகவே தேவை இருக்கும் வீடுகளும் உண்டு. காவல் நிலையத்திலிருந்து பல மைல் தள்ளி, யானையும் காட்டுப்பன்றியும் உலவும் மலைத்தோட்டத்தில் தனித்திருக்கும் வீடு அத்தகையது. கர்நாடகத்தின் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் மரபுரிமை நிலம் உடையவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் உரிம விலக்கு தரப்பட்டிருப்பதும், அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருப்பதும் அத்தகைய வாழ்க்கை மரபின் தொடர்ச்சியே. அங்குங்கூட இரட்டைக் குழல் துப்பாக்கியோடு, ஆள் வரவை முன்கூட்டியே அறிவிக்கும் நாயும் முற்றத்து விளக்கும் சேர்ந்தே காவலாகின்றன. கோம்பை, ராஜபாளையம் போன்ற நாட்டு இனங்கள் தரும் அரை நிமிட முன்னறிவிப்பே துப்பாக்கியைக் கையிலெடுக்க நேரம் தருகிறது.

உரிமம் பெற எண்ணுபவர் விண்ணப்பிக்கும் முன்பே மாவட்ட ரைஃபிள் கிளப் ஒன்றில் சேர்ந்து சுட்டுப் பார்ப்பது நன்று. எடை, உதைப்பு, ஓசை ஆகியவற்றைத் தன் உடல் தாங்குமா என்பது அங்கேதான் தெரியும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் ஆதலால், அந்த வாரங்களில் கம்பும் தெளிப்பானும் உறுதியான கதவுத் தாழுமே காவல் என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் துப்பாக்கி தானாக வாரிசுக்குச் சேர்வதில்லை. அவர்கள் அதை உடனே ஒப்படைத்துவிட்டுத் தம் பெயரில் புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை அதைப் பீரோவில் வைத்திருப்பதும் குற்றமே.