ஒரே இருக்கை கொண்ட “பயிற்சி விமானம்”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. ஆனால் முழுப் போர் விமானம் ஒன்றையே ஒரு பெயருக்குள் மறைக்க முயன்ற வரலாறும் உண்டு, தோழியரே! அதுவே ஜெர்மனியின் ஹைன்கெல் 49 என்னும் சோதனை விமானத்தின் கதை.

தடை வந்த விதம்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917 ஆகஸ்டில், திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் போரிடும் நாடுகளுக்கு ஒரு சமாதான வேண்டுகோள் விடுத்தார். எல்லா நாடுகளும் ஒரே சமயத்தில் படைக்கலங்களைக் குறைக்க வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியக் கருத்து. அந்த வேண்டுகோள் பலன் தரவில்லை.

போரில் ஜெர்மனி தோற்றது. 1919 ஜூன் 28ஆம் நாள் வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜெர்மனியின் தரைப்படை ஒரு லட்சம் பேருக்கு மேல் போகக் கூடாது. விமானப்படையோ அறவே கூடாது. இது உலகம் முழுவதும் படைக்கலங்களைக் குறைப்பதற்கு முதற்படி என்று அவ்வுடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. அடுத்த படிகள் சரிவர எடுத்து வைக்கப்படவில்லை. ஜெர்மானிய இராணுவமும் வாக்கைக் காக்கவில்லை. 1920களின் நடுவிலிருந்து 1933 வரை, ரஷ்யாவில் உள்ள லிப்பெட்ஸ்க் நகரில் அதன் விமானிகள் இரகசியமாகப் பயிற்சி பெற்றனர்.

இரண்டு இறக்கைகள் ஏன்?

அக்காலப் போர் விமானங்கள் பலவற்றில் ஓர் இறக்கைக்கு மேல் இன்னோர் இறக்கை அமைந்திருக்கும். விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கையின் பரப்பு. ஒரே இறக்கையை மிக நீளமாகச் செய்தால் அது வளையும், முறியும். அதையே இரண்டாக்கி மேலும் கீழும் வைத்து, நடுவே கம்பங்களும் இழுத்துக் கட்டிய கம்பிகளும் அமைத்தால், ஓர் இரும்புப் பாலத்தின் சட்டம் போல உறுதியாக நிற்கும். குறுகிய வட்டத்தில் திரும்பவும் எளிது. குறை என்னவென்றால், அந்தக் கம்பங்களும் கம்பிகளும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும்.

ஹைன்கெல் 49

எர்ன்ஸ்ட் ஹைன்கெல் என்பவரின் நிறுவனத்தில் 1931இல் சேர்ந்த சீக்ஃப்ரீட் கியூன்ட்டர், வால்ட்டர் கியூன்ட்டர் என்னும் இரட்டைச் சகோதரர்கள் இதை வடிவமைத்தனர். பன்னிரண்டு உருளைகள் கொண்ட பி.எம்.டபிள்யூ. எஞ்சின் பொருத்தப்பட்ட முதல் மாதிரி, 1932 நவம்பரில் பறந்தது. அடுத்தடுத்த மாதிரிகளில் உடற்பகுதியும் எஞ்சினைக் குளிர்விக்கும் முறையும் திருத்தப்பட்டன.

வெளியில் சொல்லப்பட்டதோ, “இது உயர்நிலைப் பயிற்சி விமானம்” என்பதே. பயிற்சி என்றால் ஆசிரியருக்கு ஓர் இருக்கை, மாணவருக்கு ஓர் இருக்கை என்றுதானே நாம் எண்ணுவோம்? இதில் இருந்தது ஒரே ஓர் இருக்கை!

முடிவு எங்கே?

இச்சோதனையிலிருந்து பிறந்தது ஹைன்கெல் 51 என்னும் போர் விமானம். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் தாங்கிய இது மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. 1935 மார்ச்சில் ஹிட்லரின் அரசு தனக்கு விமானப்படை உண்டு என்று வெளிப்படையாக அறிவித்தது. பெயர் வேஷம் அன்றோடு கலைந்தது.

1936இல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது இவ்விமானங்கள் அங்கே அனுப்பப்பட்டன. சோவியத் விமானங்களுக்கு முன் வானத்தில் இவற்றால் நிற்க முடியவில்லை. ஆகவே தரையில் உள்ளவர்களைத் தாக்கும் வேலை இவற்றுக்குத் தரப்பட்டது. 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. குவெர்னிக்கா என்னும் சிற்றூரில் அன்று சந்தை நாள். குண்டு வீசும் விமானங்கள் ஊரை எரித்தன. தப்பி ஓடிய மக்களைத் தாழப் பறந்து சுட்ட விமானங்களுள் ஹைன்கெல் 51ம் இருந்தது.

“பயிற்சி” என்ற சிறிய பொய்யில் தொடங்கிய பயணம், ஐந்தே ஆண்டுகளில் ஒரு சந்தைத் தெருவில் வந்து முடிந்தது. தோற்றவர் கையில் உள்ள ஆயுதத்தை மட்டும் பறித்தால் சமாதானம் வந்துவிடாது. உடன்படிக்கையில் கையெழுத்திட்டு உள்ளத்தில் வஞ்சம் வைத்தாலும் வராது. அன்புத் தோழியரே, நம் சிறு சண்டைகளிலும் சமரசம் பேசும்போது இரு தரப்பும் விட்டுக்கொடுப்போம். சொன்ன சொல்லை மெய்யாகவே காப்போம். சமாதானம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.