பின்னோக்குக் கமராவைப் பொருத்துதலும் அளவுத்திருத்தம் செய்தலும்

மோட்டார் காரின் பின்பம்பருக்கு அருகே நிற்கும் சிறு பிள்ளை சாரதியின் கண்ணாடிகள் எவற்றிலும் தெரிவதில்லை. பின்னோக்குக் கமரா இதற்காகவே பொருத்தப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயமாகும். வாகனத்தின் பின்னால் ஏறத்தாழ 3 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமுமான பரப்புத் திரையில் தெரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி.

பொருத்துதல்

கமரா பெரும்பாலும் இலக்கத்தகட்டுக்கு மேலே, நடுவில் பொருத்தப்படும். சாதாரண கார்க் கமரா 12 வோல்ற்று நேரோட்டத்தில் தொழிற்படும். அதன் நேர்க் கம்பியை ரிவேர்ஸ் விளக்கின் நேர் முனையுடனும், மறை கம்பியை வாகனத்தின் உலோக உடலுடனும் இணைக்க வேண்டும். அப்போது ரிவேர்ஸ் கியர் இடப்படும்போது மாத்திரம் கமரா இயங்கும். விளக்கும் கமராவும் சமாந்தரமாக இருப்பதைக் கவனியுங்கள். தொடராக இணைத்தால் 12 வோல்ற்றும் இரண்டுக்குமிடையே பகிரப்பட்டு, இரண்டுமே சரியாகத் தொழிற்படா. நேர்க் கம்பியில் உருகியும், கம்பி செல்லும் துளையில் இறப்பர் வளையமும் இடப்பட வேண்டும்.

திரையில் படம் இடம்வலம் மாறித் தோன்ற வேண்டும். அவ்வாறாயின்தான் சாரதியின் இடப்பக்கத்துப் பொருள் திரையிலும் இடப்பக்கத்தில் இருக்கும்.

அளவுத்திருத்தம்

காரைச் சமதரையில் நிறுத்தி, ரயர்களின் காற்றமுக்கத்தைச் சரிபாருங்கள். பம்பரிலிருந்து 50 சென்ரிமீற்றர், 1 மீற்றர், 2 மீற்றர் தூரங்களில் காரின் அகலத்துக்கு வெண்கட்டியால் கோடுகள் வரையுங்கள். கைப் பிரேக்கை இட்டு, எஞ்சினை இயக்காது ஆளியை மாத்திரம் திறந்து, ரிவேர்ஸ் கியரை இடுங்கள். திரையின் கீழ்விளிம்பில் பம்பர் சற்றே தெரியும்வரை கமராவைச் சாய்த்துத் திருகாணியை இறுக்குங்கள். பின்னர் திரைக் கோடுகளைத் தரைக் கோடுகளுடன் பொருத்துங்கள். டிக்கியில் அரிசி மூடைகளை ஏற்றினால் காரின் பின்புறம் தாழும். அப்போது 2 மீற்றர் எனக் காட்டும் கோடு உண்மையில் அதனிலும் கிட்டிய இடத்தையே குறிக்கும்.

பலர் தவறவிடும் பகுதி

திரைக் கோடுகள் தரைக்கு மாத்திரமே உண்மையானவை. தரையிலிருந்து உயர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் பொருள், உதாரணமாக லொறியொன்றின் பின்பலகை, இருப்பதிலும் தூரமாகத் தோன்றும். கமராவின் உயரம் 100 சென்ரிமீற்றர், பலகையின் உயரம் 50 சென்ரிமீற்றர், கமராவிலிருந்து அதன் கிடைத்தூரம் 100 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். பலகையினூடாகச் செல்லும் பார்வைக்கோடு தரையைத் தொடும் தூரம், இயல்பொத்த முக்கோணிகளின்படி,

100 × 100 ÷ (100 − 50) = 200 சென்ரிமீற்றர்.

1 மீற்றரில் உள்ள பலகை 2 மீற்றர்க் கோட்டில் தெரிகின்றது! கோட்டை நம்பிப் பின்செல்பவர் மோதுவார். அளவுத்திருத்தம் எவ்வளவு திருத்தமாயினும் இவ்வழு நீங்காது. ஆகவே சாரதி கண்ணாடிகளையும் பார்த்தல் வேண்டும்.

பயிற்சி: கமராவின் உயரம் 90 சென்ரிமீற்றர். 60 சென்ரிமீற்றர் உயரத்திலுள்ள குழாயொன்று கமராவிலிருந்து 50 சென்ரிமீற்றர் கிடைத்தூரத்தில் உள்ளது. திரையில் அது எத்தூரக் கோட்டில் தோன்றும்? (விடை: 150 சென்ரிமீற்றர்)