பவளத் தொட்டியும் மணலும்

வெப்பக் கடல்களில் பவளப்பாறைகளைச் சூழ்ந்து வெண்மணல் பரந்து கிடக்கும். அம்மணல் பெரும்பாலும் உயிர்களால் ஆக்கப்பட்டதாகும். பவளங்களின் கூடுகளும் சிப்பிகளும் சுண்ணம் செறிந்த பாசிகளும் உடைந்து தேய்ந்து மணலாகின்றன. கிளியின் அலகை ஒத்த வாயினையுடைய கிளிமீன், பாறையைக் கொறித்துப் பாசியை உண்டு, சுண்ணத்தை மணலாகக் கழிக்கின்றது. இவ்வாறு கடலில் பாறையும் மணலும் ஒன்றையொன்று பிரியாது அமைந்துள்ளன.

இக்காட்சியைக் கண்ணாடித் தொட்டியில் அமைத்து, பவளங்களையும் மீன்களையும் வளர்ப்போர் பல நாடுகளில் உள்ளனர். தொட்டியின் அடியில் மணல் இடுவதா, வெறுமையாக விடுவதா என்பது அவர்கள் முன் எழும் வினாவாகும். இஃது அழகு பற்றிய வினாவாகத் தோன்றும். ஆயினும், தொட்டியில் வாழும் உயிர்களின் நலம் இதன் விடையைப் பொறுத்துள்ளது.

மீன்களின் கழிவும் எஞ்சிய இரையும் அழுகும்போது அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றும். உயிர்வளி மிக்க இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டின் நஞ்சு குறைவே. எனினும், அது மிகுந்தால் பாசி தழைத்துப் பவளம் நலியும். உயிர்வளி புகாத இடத்தில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து, நைட்ரஜன் வளியாக்கி வெளியேற்றும். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள நுண்மணலின் அடிப்பகுதி அவற்றுக்கு ஏற்ற இருப்பிடமாகும். பிரெஞ்சு அறிஞர் ஜான் ஜோபேர் என்பார் 1980-களில், மணலுக்கு அடியிலும் நீர் தங்கும் சிறு வெளியொன்றை விட்டுப் பவளங்களை வளர்த்துக் காட்டினார். மொனாக்கோவில் 1910-இல் திறக்கப்பெற்ற கடலாய்வுக் காட்சியகத்திலும் அம்முறை பின்பற்றப்பட்டது.

மணல் வேண்டா என்போரும் தக்க காரணம் கூறுவர். ஜெர்மனியில் தோன்றிய பெர்லின் முறை, நுண்ணுயிர்கள் குடியேறிய துளைமிக்க பாறைகளையும், நுரை எழுப்பிக் கழிவை அகற்றும் கருவியையுமே பெரிதும் நம்பியது. பாறையின் உட்புறத்திலும் உயிர்வளி குறைந்த இடம் உண்டாதலின், மணல் இன்றியும் நைட்ரேட்டு அங்கே சிதையும். அடித்தளம் வெறுமையாக இருப்பின், படியும் கழிவைக் குழாயால் எளிதில் உறிஞ்சி எடுக்கலாம். கிளைப்பவளங்கள் விரும்பும் வலிய நீரோட்டத்தையும் தடையின்றிச் செலுத்தலாம். மணல் உள்ள தொட்டியில் அவ்வோட்டம் மணலை வாரி எறியும். அது பவளத்தின்மேல் படிந்து அதன் மெல்லிய தசையை அழிக்கும்.

இவ்விரு கட்சியாரும் நீரின் தூய்மையையே பேசினர். தொட்டியில் குடியிருக்க வரும் உயிர்களின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். நிறம் பல வாய்ந்த சில சிறுமீன்கள் இரவில் மணலுக்குள் புதைந்தே உறங்கும். ஒருவகை இறால் மணலில் வளை தோண்டும். அதற்குக் கண்பார்வை குறைவு. அவ்வளையில் உடனுறையும் உளுவை மீன் வாயிலில் நின்று காவல் காக்கும். பகை நெருங்கின் அது தன் வாலை அசைத்து இறாலுக்கு அறிவிக்கும். இத்தகைய உயிர்களை வெறுந்தரையில் விடுதல் பறவைக்குக் கூடு மறுத்தலை ஒக்கும்.

மணல் இட்டபின் மனம் மாறுதல் எளிதன்று. ஆண்டுகள் பல கடந்த ஆழ்மணலில் கழிவு தேங்கிக் கருமை படர்ந்திருக்கும். அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவளியும் அடங்கியிருக்கும். அதனை ஒருங்கே கிளறினால் தொட்டியிலுள்ள உயிர்கள் மடிதலும் கூடும். எனவே, நீர் நிரப்புவதற்கு முன்னரே தெளிந்து முடிவு செய்தல் வேண்டும்.

வலிய நீரோட்டத்தில் கிளைப்பவளங்களை மட்டும் வளர்க்கக் கருதுவோர் தரையை வெறுமையாக விடலாம். மணலை நாடும் உயிர்களைப் பேண விரும்புவோர், அவற்றின் தேவைக்கேற்ற அளவு மணல் இட்டு, மேற்பரப்பைத் தூய்மை செய்துவரலாம். ஆழ்மணல் இடுவோர் அதனைக் கிளறித் தரும் புழுக்களையும் நத்தைகளையும் உடன் வளர்த்தல் வேண்டும். எம்முறையைக் கொண்டாலும், வளர்ப்போரின் கண்ணுக்கு இனியது எது என்பதைக் காட்டிலும், வளரும் உயிருக்கு ஏற்றது எது என்பதே முதலில் கேட்கத்தக்க வினாவாகும்.