ஊஞ்சலுக்குக் கீழே உள்ள தரை

கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுள் பல தோட்டங்களில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், தோட்ட நிர்வாகம் பள்ளி ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. நிர்வாகம் ஒதுக்கிய நிலத்தில் கட்டடம் எழுந்தது. பக்கத்தில் எஞ்சிய நிலம் திடலாயிற்று. அந்த மண் பிள்ளைகள் விழுவதற்கு ஏற்றதா என்று அன்று கேட்க யாருக்கும் தோன்றியிராது. இன்று அக்கேள்வி தேவைப்படுகிறது. பள்ளிக்குச் சறுக்கு மரமும் ஊஞ்சலும் வாங்கப் பணம் திரட்டும்போது, பேச்சு பெரும்பாலும் கருவியின் நிறத்தையும் விலையையும் சுற்றியே நடக்கிறது. ஆனால், கைப்பிடி நழுவிய பிள்ளையைத் தாங்கப் போவது கருவி அன்று, தரைதான்.

இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். கவனிக்க வேண்டியது அந்த வேகத்தை மட்டும் அன்று. அது எவ்வளவு தூரத்தில் நின்றுபோகிறது என்பதையும்தான். தரை ஒரு சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால், உடல் சராசரியாகத் தன் எடையைப் போல் 200 மடங்கு விசையைத் தாங்க நேரிடும். தரை பத்து சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் அது 20 மடங்காகக் குறைந்துவிடும். விழுந்த உயரத்தை அமுங்கிய தூரத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். படிவம் நான்கு மாணவருக்கு இது எளிய கணக்கு. சிமெண்டும் தாரும் அமுங்குவதே இல்லை. ஆகவே அவற்றின் மேல் ஏறுகருவிகளை நிறுவுவது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

புல்தரை மென்மையானது என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் விளையாட்டுத் திடல் கையேட்டை முதன்முதலில் 1981இல் வெளியிட்டது. இன்றைய கையேடு புல்லையும் வெறும் மண்ணையும் பாதுகாப்பான தரையாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஐரோப்பிய விதி சற்றுத் தாராளமானது. ஒரு மீட்டர் உயரம் வரை புல்தரையை அனுமதிக்கிறது. கோல சிலாங்கூரைப் பொறுத்தவரை முதல் கருத்தே பொருந்தும். ஜெரம், தஞ்சோங் காராங் பக்கம் கடலோரக் களிமண். மழை பெய்தால் வழுக்கும். இரண்டு வாரம் வெயில் அடித்தால் வெடித்துக் கல்லாய் இறுகும். வடக்கே ராஜா மூசா காட்டை ஒட்டிய பகுதிகளில் கரிச்சதுப்பு மண். நீர் வடியும்போது அது சுருங்கித் தாழ்ந்துவிடும். உள்நாட்டில் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்மண் மேடுகள் உள்ளன. சரளை கலந்த அந்த மண்ணில் விழுந்தால் முழங்கால் தோல் மிஞ்சாது. எந்த மண்ணாக இருந்தாலும் ஊஞ்சலுக்குக் கீழே புல் நிலைப்பதில்லை. நூறு கால்கள் தேய்த்த இடத்தில் குழி விழும். குழியில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும்.

புல் போதாது என்றால் வேறு எதை இடுவது? மணல் மலிவானது; ஆனால் அதைப் பற்றிய எண்களே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள கழுவிய மணல் மூன்று மீட்டர் வரை காக்கும் என்கிறது ஐரோப்பிய அட்டவணை. அமெரிக்கக் கையேடோ 23 சென்டிமீட்டர் மணலை ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திற்கு மேல் நம்புவதில்லை. மணலின் பருமனும் ஈரமும் இடத்திற்கு இடம் மாறும். நனைந்த மணல் இறுகும். அடிக்கடி மழை பெய்யும் நாட்டில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. கட்டுமானத்திற்கு வரும் மணலை அப்படியே கொட்டுவதும் தவறு. அதில் களிமண் கலந்திருந்தால் சில மழைகளிலேயே அடை போல இறுகிவிடும். ஒரு கண்ணாடிப் போத்தலில் மணலையும் நீரையும் இட்டுக் குலுக்கி வைத்தால் உண்மை தெரியும். வெகுநேரம் நீர் கலங்கியே இருந்தால் அந்த மணல் திடலுக்கு உதவாது. பூனைகள் மணற்குழியைக் கழிப்பிடமாக்குவதும் உண்டு. அதனால் கொக்கிப்புழு போன்றவை பரவலாம் என்பதால் மாலையில் மூடிவைக்க வலையோ தார்ப்பாயோ தேவை.

மரச்சில்லுகள் இதைவிடச் சிறந்தவை. அதே அமெரிக்கக் கையேட்டின்படி 23 சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்று மீட்டர் உயரம் வரை அவை காக்கும். குறை என்னவென்றால், நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அவை விரைவில் மட்கும்; கரையானும் வரும். ஆர்செனிக் கலந்த மருந்தூட்டிய பழைய மரத்தை அரைத்து இடவே கூடாது.

இங்கே ஒரு யோசனை எழுவது இயல்பு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமராம் 1917இல் உருவானது இதே மாவட்டத்தில்தான். ஆலைகளில் பழம் உதிர்த்த பின் எஞ்சும் வெற்றுக் குலைகளைப் பிரித்து நாராக்கித் திடலில் இடலாமே? மரத்தடியில் உரமாக இடுவதற்கு அவை மிக நல்லவை. காரணம், எளிதில் மட்கிவிடும். அதே காரணத்தால்தான் திடலுக்கு அவை ஆகா. மட்கும் குலைக் குவியலில் காண்டாமிருக வண்டும் பெருகும்.

பணமுள்ள பள்ளிகள் விரும்புவது ரப்பர் தரை. பழைய டயர்களை அரைத்த கருந்துகள்களை ஓர் அடுக்காக இட்டு, மேலே வண்ண ரப்பர் துகள்களைப் பசையுடன் பரப்புவார்கள். கொள்ளுப்பாட்டி விடியற்காலையில் வெட்டிய பால்மரத்தின் பொருள், டயராகி ஓடி முடித்துப் பேரப்பிள்ளையின் காலடிக்கு வந்து சேர்கிறது எனலாம். சக்கர நாற்காலியில் வரும் மாணவரும் இதன் மேல் எளிதில் செல்லலாம். இது மற்றத் தரைகளுக்கு இல்லாத சிறப்பு. ஆனால், எவ்வளவு உயரத்திற்குக் காக்கும் என்பது தடிப்பைப் பொறுத்தது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தரைகளுள் ஒன்று இரண்டு மீட்டருக்கும் மற்றொன்று ஒரு மீட்டருக்கும் மட்டுமே ஏற்றதாக இருக்கலாம். ஆகவே நிறுவனத்திடம் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். அச்சோதனையில், உணர்கருவி பொருத்திய தலை வடிவக் குண்டைத் தரையில் போட்டு அதிர்ச்சியை அளப்பார்கள். தலைக்காய அளவு 1000ஐத் தாண்டாத உயரமே அத்தரையின் எல்லை. நண்பகல் வெயிலில் கருநிற ரப்பர், வெறுங்காலைச் சுடும் அளவுக்குச் சூடேறும் என்பதையும் மறக்கலாகாது. நிழல் தேவை, வெளிர் நிறமும் உதவும்.

களிமண்ணிலும் கரிச்சதுப்பிலும் ரப்பர் தரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அடியிலுள்ள கல் அடுக்கு சீரின்றித் தாழ்ந்தால் மேல்தரை விரிசல் காணும்; ஓரங்கள் எழும்பிக் காலைத் தட்டும். இந்தக் கடலோரத் தோட்டங்களில் முதலில் கான் வெட்டி நீரை வடித்துவிட்டுத்தான் கன்று நட்டார்கள். திடலுக்கும் அதே வரிசைதான். நீர் வடிய வழி செய்யாமல் மேலே எதை இட்டாலும் போட்ட பணம் சேற்றில் போகும்.

செலவுக்குக் கைகொடுக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. உயரத்திற்கேற்ற தரையை அமைக்க முடியாவிட்டால், தரைக்கேற்ற உயரத்தில் கருவியை வாங்கலாம். ஒரு மீட்டர் மேடையுள்ள சறுக்கு மரத்தில் ஏழு வயதுப் பிள்ளையின் மகிழ்ச்சி குறைந்துவிடாது; அதற்கு வேண்டிய மணலோ சில்லோ பள்ளியால் வாங்கக்கூடிய அளவாகவும் இருக்கும். கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 1.8 மீட்டர் வரை அத்தரை பரவியிருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இதைவிட அதிகம் வேண்டும்.

மணலும் சில்லும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. ஊஞ்சலின் அடியிலும் சறுக்கு மரத்தின் முடிவிலும் பிள்ளைகளின் கால்கள் அவற்றை நாள்தோறும் ஒதுக்கித் தள்ளும். கருவியின் கால்களில், தரை இருக்க வேண்டிய மட்டத்தில் சாயத்தால் ஒரு கோடு இட்டு வைத்தால் குறைவு உடனே கண்ணில் படும். கோடு மேலே தெரிகிற காலையில், மணி அடிப்பதற்கு முன் யாராவது ஒருவர் மண்வாரியை எடுத்து ஓரத்து மணலைக் குழிக்குள் இழுத்துவிட வேண்டும்.