கமரா எத்தனை மணிக்குப் போகிறது?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் கமரா பூட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் போகப்போகும் வீடுகள் பலவற்றில் வயதான தாயும் தகப்பனும் மட்டும்தான் இருப்பார்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு போனில் அந்த முற்றத்தைப் பார்ப்பார்கள். இங்கே நடுச்சாமத்தில் படம் அறுந்தால், ரொறன்ரோவில் பட்டப்பகலில் வேலைத்தலத்தில் நிற்கும் ஒரு மகள், அம்மாவுக்கு என்ன நடந்ததோ என்று பதறுவாள். அதை மனதில் வைத்து வேலை செய்யுங்கள்.

1. ஏணியை எடுக்க முன் கேளுங்கள்: எத்தனை மணிக்குப் போகிறது? பொழுதுபடவா, மழையோடா, மத்தியான வெயிலிலா, கறண்ட் நின்று வந்த பிறகா, மாசக் கடைசியிலா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. வீட்டுக்காரருக்கு நினைவில்லை என்றால், போனில் இருக்கும் கமரா செயலியைத் திறந்து, எந்தெந்த நேரத்தில் அறுந்தது என்று பாருங்கள். வந்தவுடன் றீசெட் பண்ணும் பழக்கம் வேண்டாம். அது அடையாளங்களை அழித்துவிடும், நோய் அப்படியே இருக்கும்.

2. பகலெல்லாம் நன்றாக நின்று பொழுதுபட்டதும் போகிற கமராவுக்கு வைஃபையில் குறை தேடாதீர்கள். முதலில் கறண்டைப் பாருங்கள். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், கமரா இழுக்கும் மின்னோட்டம் கூடும். வீட்டிலிருந்து படலை வரைக்கும் மெல்லிய வயரில் 12 வோல்ட் போனால், இரணைமடு வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் குறைந்து போவதுபோலத்தான் அது கமராவைச் சேரும். மீற்றரை அடப்டர் பக்கத்தில் வைத்து 12 வருகிறது என்று திருப்திப்படாதீர்கள். கமராவின் முனையில், விளக்கு எரியும்போது அளந்து பாருங்கள். அதற்காக இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை, முகப்பைக் கறுத்த துணியால் மூடினால் கமரா இருட்டென்று நினைத்து விளக்கைப் போடும். 11-க்குக் கீழே இறங்கினால் வயரைத் தடிப்பாக்குங்கள். கூடிய அம்பியர் அடப்டர் வாங்கிப் போடுவதால் வயரில் இழக்கும் வோல்ட் திரும்பி வராது. அடப்டரே களைத்திருந்தால் மட்டும்தான் அது உதவும். தூரம் நீண்டால் நெட்வேர்க் வயரிலேயே 48 வோல்ட் கறண்டும் அனுப்பும் பிஓஇ முறைக்கு மாறுங்கள். அதே வலுவுக்கு மின்னோட்டம் குறைவு, இழப்பும் குறைவு. அந்த முறையிலும் ஒரே இழுவையில் 100 மீற்றருக்கு மேல் போகாதீர்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு வயரை இதற்குப் பாவிக்க வேண்டாம்.

3. வைஃபை கமராக்களில் அனேகமானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்பவை. புது றவுட்டர் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் விடும்போது சில கமராக்கள் இணைய மறுக்கும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். 2.4-இன் சனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் தகரம் நிறைய: கூரை, வேலி, பத்தி. தகரம் சிக்னலை மறிக்கும். மழையில் நனைந்த மாமரத்து இலையும் விழுங்கும், ஆகவே கோடையில் பூட்டிய கமரா மாரியில் அறுந்தால் மரத்தையும் நிமிர்ந்து பாருங்கள். றவுட்டரை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்து, படலை தெரியும் யன்னலோரம் உயரத்தில் வைத்தாலே பாதி வீடுகளில் வேலை முடிந்துவிடும்.

4. இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் மட்டும் இழுபட்டால் குற்றம் வீட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம். 4ஜி றவுட்டர் என்றால், அந்த நேரம் ஊரே ஒரே ரவரைத்தான் பங்குபோடும். வேகத்தைச் சோதிக்கும்போது பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள், படம் போவது அந்த வழியால்தான். நொடிக்கு 2 மெகாபிற் படத்தை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பார்த்தால் கிட்டத்தட்ட 0.9 ஜிகாபைற் டேட்டா போகும். மாசக் கடைசியில் படம் அறுவதற்குக் காரணமும் டேட்டா முடிந்துபோவதாக இருக்கலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சும்மா பார்ப்பதற்குத் தரம் குறைந்த படத்தையும், மெமரி காட்டில் பதிவதற்கு நல்ல படத்தையும் ஒதுக்கிக் கொடுங்கள்.

5. மின்வெட்டை மறக்க வேண்டாம். 2022 மார்ச் 31-ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் இலங்கை முழுவதும் கறண்ட் நின்றது. கமராவுக்கு மட்டும் பற்றரி வைத்துப் பயனில்லை, றவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும். கறண்ட் திரும்பும்போது இன்னொரு தொல்லையும் உண்டு. கமரா முதலில் எழும்பிவிடும், றவுட்டர் பின்னுக்கு வரும். சில கமராக்கள் கொஞ்சம் தேடிவிட்டுக் களைத்து நின்றுவிடும். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரிடம் கேட்டு மெயின் சுவிச்சை நிறுத்திப் போடுங்கள். கமரா தானாகத் திரும்பி வருவதைக் கண்ணால் கண்ட பிறகு வெளிக்கிடுங்கள்.

6. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி பொல்லாதது. படலைக்கு ஓடும் நீள வயர் மின்னல் அதிர்ச்சியை வீட்டுக்குள் கொண்டுவரும். எர்த் சரியா என்று பாருங்கள். முகில் கறுத்தால் அலுமினிய ஏணியில் யாரும் நிற்கக்கூடாது, வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

7. மூட்டுகளைத் திறந்து பாருங்கள். பச்சை பூத்த செம்பு, எறும்புக் கூடு, பல்லி முட்டை எல்லாம் இருக்கும். வயரைக் கமராவுக்குக் கீழே வளைத்து விட்டுத்தான் மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும்.

8. காரணமே தெரியாமல் இடைக்கிடை அறுந்தால், ஒரே ஐபி முகவரி இரண்டு பொருட்களுக்குப் போயிருக்கலாம். றவுட்டரில் கமராவுக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள்.

9. பெட்டியோடு வந்த பாஸ்வேர்ட்டை விட்டுவிட்டு வராதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், இப்படி விடப்பட்ட கமராக்களையும் றவுட்டர்களையும் பெருந்தொகையாகப் பிடித்து, அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்களையே முடக்கியது. புதுப் பாஸ்வேர்ட்டை வீட்டிலேயே ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், உங்கள் போனில் வைத்திருக்காதீர்கள். றீசெட் கடைசி வழி. அதற்கு முன், கமரா யாருடைய கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். கனடாவில் இருக்கும் மகனுடைய கணக்கில் என்றால், அவர் விடுவிக்காமல் பல கமராக்கள் வேறு கணக்கில் சேராது.

10. சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கமராவை எங்கும் திருப்பாதீர்கள். எங்கள் சனம் மற்றவர்களின் கண்காணிப்புக்குள் நீண்ட காலம் வாழ்ந்த சனம். பக்கத்து வளவின் கிணற்றடி படத்தில் விழுந்தால், அங்கே குளிக்கிற பெண்ணுக்கு அது அநியாயம். அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கிற வசதி பல கமராக்களில் உண்டு, பூட்டும் அன்றே போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் கமரா கேட்பது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைதான், அங்கே படுத்து எழும்புவது அம்மா. அவரிடமும் தனியாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விறாந்தையோடு நிறுத்திவிட்டு, காரணத்தை அந்தப் பிள்ளைக்கு நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கள்.