பெயர்ச்சீட்டை ஒட்டுமுன் யோசியுங்கள்

(குடும்பத்தோடு வாசிக்க ஒரு பாடம்)



பிள்ளைகள் செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் எட்டிப் பார்த்திருப்பீர்கள். படத்தின் கீழே # என்று ஒரு குறியும், அதன் பின்னே இடைவெளியின்றி ஒட்டி எழுதிய சொற்களும் வரிசையாய் நிற்கும். "இது என்னடா?" என்று கேட்டால், "ஹேஷ்டேக், அம்மா" என்று பதில் வரும், விளக்கம் வராது. நமக்கோ அது கணக்குப் புத்தகத்தில் 'நம்பர்' என்பதற்கு இடும் குறி. சின்னக் குறிதானே என்று தள்ளிவிட வேண்டாம். இதனால் வெள்ளத்தில் தவித்தவர்களுக்கு உதவி வந்ததுண்டு. இதே குறியால் உதவிச் செய்திகள் கண்ணில் படாமல் புதைந்துபோனதும் உண்டு. ஆகையால் பெரியோரும் சிறியோரும் சேர்ந்து இதைப் படித்தறிவது நலம்.

1. ஹேஷ்டேக் என்பது யாது?

அடுக்களையில் ஒரே மாதிரியான டப்பாக்கள் வரிசையாய் இருக்கின்றன. எதில் என்ன இருக்கிறதென்று தெரிய, வீட்டம்மாள் ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்கிறாள். கடுகு வேண்டியவர் கடுகு டப்பாவைத் திறக்கிறார். ஹேஷ்டேக்கும் அப்படிப்பட்ட ஒரு பெயர்ச்சீட்டுத்தான். ஒருவர் எழுதும் செய்தியில் #சென்னைமழை என்று போட்டால், அந்தச் செய்தி 'சென்னை மழை' என்னும் டப்பாவுக்குள் போய்ச் சேருகிறது. அந்தச் சீட்டைத் தொடுகிறவருக்கு, அதே சீட்டை ஒட்டிய மற்றவர்களின் செய்திகளும் திரையில் தோன்றும். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாய் இருந்தாலும் சரியே.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அடுக்களை டப்பா உங்களுக்குச் சொந்தம். இந்த டப்பாவோ நடுத்தெருவில் வைத்தது. யாரும் எதையும் அதில் போடலாம். யாரும் திறந்து பார்க்கலாம். இதை மறந்தவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள்.

2. இது எப்படி வந்தது?

1988ஆம் ஆண்டு பின்லாந்து தேசத்தில் ஐ.ஆர்.சி. என்னும் கணினி உரையாடல் முறை தோன்றியது. அதில் ஒவ்வொரு பேச்சு அறையின் பெயருக்கு முன்னும் # குறி இடுவது வழக்கமாயிற்று. ட்விட்டர் 2006இல் ஆரம்பமான பின், அங்கே எல்லாருடைய பேச்சும் ஒன்றாய்க் கலந்து சந்தை இரைச்சல்போல ஆனது. அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் மெசினா என்பவர், பழைய அந்தக் குறியை இங்கேயும் வைத்துக்கொண்டால் என்ன என்று 2007 ஆகஸ்டு 23ஆம் தேதி யோசனை சொன்னார். அவர் அந்தக் கம்பெனியின் ஊழியர் அல்லர். அதை உபயோகித்த ஜனங்களில் ஒருவர்.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் பெரும் காட்டுத்தீ மூண்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. எந்தப் பக்கம் தீ வருகிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று அறிய ஜனங்கள் தவித்தார்கள். அவ்வூரார் ஒருவர் 'சான் டியேகோ ஃபயர்' என்ற ஒரே சீட்டை ஒட்டிச் செய்திகளை ஓயாமல் எழுதிவந்தார்; மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள். குறியின் பிரயோசனம் அப்போதுதான் பலருக்கும் விளங்கிற்று.

2009 ஜூலையில் ட்விட்டர், குறியைத் தொட்டால் செய்திகள் திரண்டு வரும்படி செய்தது. இன்ஸ்டாகிராம் 2011இலும் ஃபேஸ்புக் 2013இலும் இதை ஏற்றுக்கொண்டன. ட்விட்டரின் பெயர் 2023இல் எக்ஸ் என்று மாறியது. குறி மட்டும் மாறவில்லை.

3. ஆபத்தில் உதவிய சீட்டு

2015 டிசம்பர் முதல் தேதி சென்னையில் பெய்த பேய்மழையை யார் மறப்பார்? அடையாறு கரைபுரண்டது, விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து சில நாட்கள் மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் 'சென்னை ஃபிளட்ஸ்', 'சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்' என்னும் சீட்டுகளின் கீழ் முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இத்தனை பேர் தங்கலாம் என்று ஒருவர் எழுதுவார். இன்ன தெருவில் முதியவர்கள் மாடியில் சிக்கியிருக்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதுவார். சோற்றுப் பொட்டலம் இருக்கிறது, கொண்டுபோக வண்டி வேண்டும் என்று வேறொருவர் எழுதுவார். கேட்பவரும் கொடுப்பவரும் சந்திக்க அந்தச் சீட்டே வாசலாயிற்று.

ஆனால் அங்கேயும் ஒரு கஷ்டம் நேர்ந்தது. மீட்கப்பட்டுப் பத்திரமாய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிய பழைய செய்தியை, நல்லெண்ணத்தோடேயே பலர் மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு வந்தவர்களின் நேரம் வீணாயிற்று. இதிலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன? உதவி கேட்டு எழுதும்போது தேதியும் மணியும் சேர்த்து எழுதுங்கள். காரியம் முடிந்ததும் 'உதவி கிடைத்தது' என்று எழுதுங்கள், அல்லது செய்தியை எடுத்துவிடுங்கள். பிறர் செய்தியை அனுப்புமுன் அது இன்னும் உண்மைதானா என்று விசாரியுங்கள்.

4. நல்லெண்ணமே தடையான கதை

2020 மே 25ஆம் தேதி அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்டார். தேசமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. எங்கே கூடுவது, காயப்பட்டவர்க்கு எங்கே உதவி, எந்த வழி அபாயம் என்னும் செய்திகளை ஜனங்கள் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்ற சீட்டின் கீழ் தேடினார்கள். ஜூன் 2ஆம் தேதி, துக்கத்தில் பங்கு கொள்வதற்கு அடையாளமாய், இன்ஸ்டாகிராமில் வெறும் கறுப்புச் சதுரம் ஒன்றைப் போடுவதென்று ஒரு வழக்கம் பரவிற்று. அதற்கென்று வேறொரு சீட்டு இருந்தது. அதன் கீழ் வந்த படங்கள் 2 கோடிக்கும் மேல். ஆனால் திரளான பேர் தங்கள் கறுப்புச் சதுரத்தில் முன்சொன்ன சீட்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். விளைவு என்ன? உதவிச் செய்தி தேடி வந்தவருக்குத் திரை முழுவதும் கறுப்பாகவே தெரிந்தது. "தயவுசெய்து அந்தச் சீட்டை எடுத்துவிடுங்கள்" என்று கிளர்ச்சி செய்தவர்களே கெஞ்சும்படி ஆயிற்று.

கவனியுங்கள்: அவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். பிறர் துக்கத்தில் சேர வந்தவர்கள். மிளகாய்ப்பொடி டப்பாவில் மாவைக் கொட்டினால், கொட்டியவர் மனது நல்லதென்பதால் குழம்பு ருசிக்குமா? நல்ல மனது மாத்திரம் போதாது; இந்தச் சீட்டைத் தேடி யார் வருவார்கள் என்ற நினைவும் வேண்டும்.

5. எழுதும் முறை

சொற்களுக்கு இடையே இடைவெளி விடக்கூடாது. #சென்னை மழை என்று பிரித்து எழுதினால் 'சென்னை' மட்டுமே சீட்டாகும். 'மழை' வெளியே நிற்கும். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் அப்படியே சீட்டை முறித்துவிடும்.

ஒட்டி எழுதுவதால் பொருள் கெடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 2013 ஏப்ரலில் பிரிட்டனின் முன்னாள் பிரதம மந்திரி மார்கரெட் தாட்சர் மரித்தபோது, 'இனி தாட்சர் இல்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு பரவிற்று. எழுத்துகள் ஒட்டிக் கிடந்ததால் சிலர் அதை வேறுவிதமாய்ப் பிரித்து வாசித்து, ஷேர் என்னும் பாடகி இறந்துவிட்டாள் என்று அழத் தொடங்கினார்கள்! பாடகி உயிரோடு சுகமாய் இருந்தாள்.

# என்பது விஷயத்தைக் குறிக்கும். @ என்பது ஆளைக் குறிக்கும். பெயருக்கு முன் @ இட்டால் அந்த ஆளைத் தோளில் தட்டிக் கூப்பிடுவதுபோல் அவருக்கு அறிவிப்புப் போகும். வீணாய்த் தட்டினால் யாருக்கும் எரிச்சல்தான். வாட்ஸ்அப் குழுவில் # இடுவதால் வெளியார் யாரும் திரண்டு வரமாட்டார்கள். குழுவில் உள்ளவர்களே காண்பார்கள்.

6. பெற்றோர் கவனிக்க

நாம் முன்பு பார்த்த தெருவோர டப்பாவை மறவாதீர்கள். பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு வாங்கிய மகளின் படத்தைப் போடுகிறீர்கள். உங்கள் கணக்கு எல்லாரும் பார்க்கும்படி திறந்திருந்தால், பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் கொண்ட சீட்டுகள் அந்தப் படத்தை அறியாதவர் கையில் கொடுக்கின்றன. குழந்தையின் முகம், சீருடை, பள்ளி, ஊர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அத்தையும் மாமாவும் பார்த்து மகிழவேண்டுமென்பதே உங்கள் ஆசையானால், அதற்குச் சீட்டு எதற்கு? கணக்கைப் பூட்டி வைத்து, உறவினருக்கு மட்டும் காட்டலாமே. ஒருவர் எடுத்து வைத்துக்கொண்ட படத்தைப் பிறகு திரும்பப் பெற வழியில்லை.

இன்னொன்று. 'டிரெண்டிங்' என்று ஒரு பட்டியல் காண்பீர்கள். ஒரு சீட்டைக் கொஞ்ச நேரத்துக்குள் பலர் திடீரென்று உபயோகித்தால் அது அப்பட்டியலில் ஏறும். ஆட்களைச் சேர்த்து, குறித்த நேரத்தில் எல்லாரும் எழுதும்படி ஏற்பாடு செய்தும் ஏற்றலாம். ஆகவே பலர் பேசுகிறார்கள் என்பதற்குத்தான் அது அடையாளம். பேசுவது மெய் என்பதற்கு அன்று. கூட்டத்தைக் கண்டு நீங்களும் ஒரு சீட்டை ஒட்டினால், அந்தக் கூட்டத்தில் உங்கள் தலையும் ஒன்றாய் எண்ணப்படும்.

குடும்பத்தில் கலந்து பேச

1. நாம் கடைசியாக ஒட்டிய ஹேஷ்டேக் எது? அதைத் தேடி வருகிறவருக்கு நம் செய்தி பிரயோசனப்படுமா?

2. நம் வீட்டுக் குழந்தைகளின் படங்களோடு பள்ளிப் பெயரோ தெருப் பெயரோ சேர்ந்திருக்கிறதா?

3. நாளைக்கே வெள்ளம் வந்தால், உதவி கேட்டு எழுதும் செய்தியில் என்னென்ன இருக்கவேண்டும்?

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் இம்மூன்று கேள்விகளையும் ஒருவரையொருவர் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், படுக்கைக்குப் போகுமுன் பிள்ளைகளின் உதவியோடு அந்தச் சீட்டுகளை அழித்துவிடுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.